உதவியும் இன்பமும்: நியூ ஆர்லியன்ஸில் நாங்கள் ஆடிய ஆட்டம் குறித்து



நியூ ஆர்லியன்ஸ் போய்வந்து இரண்டு மாதம் ஆகிறது. சமூகப் பணியாளர்களுக்கான ஒரு மாநாட்டுக்காக எங்களில் நான்கு பேர் போனோம். நண்பர்களிடம் வசூல் செய்து, விசாவுக்கு அலைந்து, எங்கள் குடும்பங்களில் முதல் ஆளாக விமானம் ஏறிய பயணம் அது. திரும்பி வந்த பிறகு, மாநாட்டில் என்ன பேசினீர்கள் என்று கேட்டவர்கள் இரண்டே பேர். மற்ற எல்லோரும் கேட்டது, "நைட் லைஃப் எப்படி இருந்தது?"

கேட்டவர்கள் மேல் தப்பில்லை. நாங்கள் காட்டியதே அதைத்தான். போர்பன் தெருவின் நியான் விளக்குகள், ஃபிரெஞ்ச்மென் தெருவில் ஒரு கிளப் வாசலில் நின்று எடுத்த டிரம்பெட், ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் கைக்குட்டையை வீசி ஆடும் நாங்கள். மாநாட்டு அரங்கில் எடுத்தது ஒரே ஒரு குரூப் போட்டோ. ஆறு நாள் பயணம் நாற்பது விநாடி ரீலாகச் சுருங்கியது. அதன் கீழே ஒரு நண்பர் எழுதினார்: "இசைக்கு நிறமும் இல்லை, சாதியும் இல்லை." நாங்களும் அதற்கு ஒரு ஹார்ட்டைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனோம்.

அந்த ஹார்ட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை. இசைக்கு நிறம் உண்டு, சாதி உண்டு. கூலி உண்டு, வாடகை உண்டு, போலீஸ் கேஸ் உண்டு. மற்றவர்களுக்கு இது தெரியாமல் போகலாம். பறைச் சத்தத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்து வளர்ந்த நமக்குத் தெரியாமல் போகக் கூடாது.

வீட்டை இடித்துப் பெயரை வைப்பது

நாங்கள் இறங்கிய விமான நிலையத்துக்கு லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பெயர். 1901-இல் அந்த நகரத்தின் ஏழைக் கறுப்பர் குடியிருப்பு ஒன்றில் பிறந்து, ஜாஸ் இசையை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர். 1956-இல் லூசியானா மாநிலம் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து மேடையேறுவதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. ஆம்ஸ்ட்ராங்கின் குழுவில் இரு நிறத்தவரும் இருந்தார்கள். என் குழுவோடு வாசிக்க முடியாத ஊரில் நான் வாசிக்க மாட்டேன் என்று பிறந்த ஊரையே அவர் புறக்கணித்தார். சிவில் உரிமைச் சட்டம் வந்த பிறகு, 1965-இல்தான் திரும்ப வந்து வாசித்தார். அதற்கு முந்தைய ஆண்டு அவர் பிறந்த வீட்டை இடித்துவிட்டிருந்தார்கள். 2001-இல், அவருடைய நூற்றாண்டில், விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

இந்த வேலை நமக்குப் புதிதா? பொதுப்பாதையில் பிணம் போகவிடாத ஊர்களிலும் மெயின் ரோட்டில் அம்பேத்கர் சிலை நிற்கிறது, கம்பிக் கூண்டுக்குள்.

போர்பன் தெருவில் இருந்து சிறிது தூரம் நடந்தால் காங்கோ ஸ்கொயர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, தங்கள் மேளங்களை அடித்து, தங்கள் மொழிகளில் பாடி ஆடிய மைதானம். 1817-இல் நகர நிர்வாகம், அடிமைகள் கூடுவதாக இருந்தால் ஞாயிறு அன்று, குறித்த ஓர் இடத்தில் மட்டும்தான் கூடலாம் என்று விதி போட்டது. அந்த இடம்தான் இது. வாரத்தில் ஆறு நாள் விற்கவும் வாங்கவும் அடிக்கவும் உரிய உடல்கள், ஏழாவது நாள் சில மணி நேரம் தமக்கே சொந்தமாக இருந்த இடம்.

அன்றைக்கே அதை வேடிக்கை பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். 1819-இல் பெஞ்சமின் லட்ரோப் என்ற கட்டடக் கலைஞர் அங்கே நின்று பார்த்து, மேளங்களையும் தந்திக் கருவிகளையும் தன் நாட்குறிப்பில் வரைந்து வைத்தார். அந்தப் படங்கள் இன்று ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம். ஆனால் அந்தப் பாட்டும் ஆட்டமும் அவருக்குக் காட்டுத்தனமாகவே பட்டது. கருவியைக் கவனமாகப் பார்த்தார், வாசித்த மனிதரை இளக்காரமாகப் பார்த்தார். இருநூறு ஆண்டு கழித்து அதே இடத்தில் நின்று நாங்கள் செல்ஃபி எடுத்தோம். இளக்காரம் எங்களிடம் இல்லை. ஆனால் வாசித்த மனிதரைப் பற்றிய கேள்வியும் இல்லை.

எந்தத் தெருவைக் காப்பாற்றினார்கள்?

காங்கோ ஸ்கொயர் இருக்கும் பகுதியின் பெயர் ட்ரெமே. அமெரிக்காவின் மிகப் பழைய கறுப்பர் குடியிருப்புகளில் ஒன்று. ஹோமர் பிளெஸ்ஸி என்ற செருப்புத் தொழிலாளி வாழ்ந்த பகுதி. 1892-இல் வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் வேண்டுமென்றே ஏறி உட்கார்ந்து கைதானவர் அவர். அந்த வழக்கில் 1896-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான் 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற பித்தலாட்டத்துக்குச் சட்ட முத்திரை குத்தியது. சமூகவியல் படிக்கும் மாணவர்களுக்கு வழக்கின் பெயர் தெரிந்திருக்கும். அவர் எந்தத் தெருக்காரர் என்று நாங்களே அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டோம்.

ட்ரெமேயின் உயிர்நாடி கிளெய்போர்ன் அவென்யூ. நடுவே வரிசையாக ஓக் மரங்கள், இருபுறமும் கறுப்பர்களின் கடைகள், இன்சூரன்ஸ் அலுவலகங்கள், சவ அடக்க நிலையங்கள். 1966-இல் அந்த மரங்களை வெட்டினார்கள். அந்த இடத்தில் ஐ-10 நெடுஞ்சாலையை மேம்பாலமாக ஏற்றினார்கள். அதே காலத்தில் பிரெஞ்ச் குவார்ட்டரின் ஆற்றங்கரை ஓரமாகவும் ஒரு மேம்பாலச் சாலைக்குத் திட்டம் இருந்தது. பாரம்பரியத்தைக் காக்க வேண்டும் என்று செல்வாக்குள்ளவர்கள் போராடினார்கள். 1969-இல் மத்திய அரசு அதைக் கைவிட்டது.

இரண்டு சாலைத் திட்டங்கள். சுற்றுலாப் பயணி நடக்கும் தெரு பிழைத்தது. அந்தப் பயணி கேட்க வரும் இசையை உருவாக்கிய மக்களின் தெரு பாலத்துக்கு அடியில் போனது. இன்றும் கொண்டாட்ட நாட்களில் மக்கள் அந்தப் பாலத்துக்கு அடியில் கூடித்தான் வாசிக்கிறார்கள். கான்கிரீட்டில் எதிரொலிக்கும் டிரம்பெட் சத்தம் அருமையாக இருக்கிறது என்று எங்களில் ஒருவர் வியந்தார். அங்கே ஏன் கான்கிரீட் இருக்கிறது என்று அவர் அப்போது கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

2005-இல் கத்ரீனா புயலில் நகரத்தின் சுமார் 80 விழுக்காடு வெள்ளத்தில் மூழ்கியது. மேட்டில் இருக்கும் பிரெஞ்ச் குவார்ட்டருக்குப் பெரிய சேதம் இல்லை. வீடிழந்து வேறு மாநிலங்களுக்குச் சிதறியவர்களில் ஏராளமானோர் கறுப்பின ஏழைகள். அவர்கள் திரும்பி வர வழி செய்யாமல், 2007 டிசம்பரில் நகர மன்றம் நான்கு பெரிய அரசுக் குடியிருப்புகளை இடிக்க ஒருமனதாக வாக்களித்தது. சுமார் 4,500 வீடுகள். உள்ளே பேசவந்த குடியிருப்பாளர்களை வெளியே நிறுத்தி, மிளகுத் தூள் ஸ்பிரே அடித்தது போலீஸ். இப்போது ட்ரெமேயில் பல பழைய வீடுகள் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போகின்றன. 'அசலான இசைப் பகுதியில் தங்குங்கள்' என்று விளம்பரம் பார்த்து, செலவு குறைவு என்று நாங்களும் அப்படி ஒரு வீட்டில்தான் தங்கினோம். அதில் முன்பு யார் குடியிருந்தார் என்று விளம்பரத்தில் இல்லை.

ஒரு டாலர்

ஃபிரெஞ்ச்மென் தெருவில் பல கிளப்புகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஏதாவது ஒரு பானம் வாங்கினால் போதும். இரண்டு பாட்டுக்கு நடுவில் ஒரு பக்கெட் சுற்றி வரும். வாசிப்பவர்களின் அன்றைய வருமானத்தில் பெரும்பகுதி அந்த பக்கெட்டில் விழுவதுதான். லூசியானாவுக்கென்று தனிக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இல்லை. மத்திய அரசின் 7.25 டாலர்தான். 2009-இல் நிர்ணயித்தது. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தரவேண்டியது மணிக்கு வெறும் 2.13 டாலர். அது 1991-இல் இருந்து மாறவே இல்லை. நமக்கு கிளாஸ் கொண்டுவந்து வைத்த பெண்ணுக்கும் இதே சட்டம்தான்.

ஆளுக்கு ஒன்பது டாலர் கொடுத்து பீர் வாங்கிய நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து பக்கெட்டில் போட்டது ஒரு டாலர். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. துப்புரவுப் பணியாளர் கூலிக்காகத் தெருவில் கோஷம் போட்டவர்கள் நாங்கள். ஊர் மாறியதும் தட்டில் காசு போடும் கல்யாண வீட்டு விருந்தாளி ஆகிவிட்டோம்.

அந்தத் தெருவில் வாசிக்க உரிமையாவது இருக்கிறதா? 2010-இல், போர்பன் தெருவும் கனால் தெருவும் சந்திக்கும் முனையில் ஆண்டுக்கணக்காக வாசித்துவந்த இளைஞர்களின் பித்தளை இசைக்குழுவை, இரவு எட்டு மணிக்கு மேல் தெருவில் வாசிக்கக் கூடாது என்று போலீஸ் தடுத்தது. அதே தெருவில் பார்களின் ஸ்பீக்கர்கள் விடிய விடிய அலறலாம். 2007-இல் ட்ரெமேயில் இறந்துபோன ஒரு டியூபா கலைஞருக்காக நண்பர்கள் வாசித்துக்கொண்டு போனபோது, அனுமதியில்லாமல் ஊர்வலம் போனதாகச் சொல்லி இசைக்கலைஞர்களைக் கைது செய்தார்கள். தங்கள் தெருவில், தங்கள் ஆளின் சாவுக்கு வாசித்ததற்காக. நகரத்தின் சுற்றுலா விளம்பரங்களில் இருப்பதும் அதே இசைதான்.

கடைசி நாள் அதிகாலை விமானத்துக்குக் கிளம்பும்போது போர்பன் தெரு வழியாகப் போனோம். பிளாஸ்டிக் கப்புகளையும் பாசி மாலைகளையும் வாந்தியையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் இரவுக் கொண்டாட்டம் அவர்களுக்கு நைட் ஷிஃப்ட். வந்த பிறகு தேடிப் படித்தோம். 2020 மே மாதம், கொரோனா உச்சத்தில், இந்த நகரத்தில் குப்பை வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு போகும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மணிக்கு 15 டாலர் கூலியும் பாதுகாப்பு உபகரணங்களும் கேட்டார்கள். அவர்களுடைய இடத்தில் சிறைக் கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். 'நான் ஒரு மனிதன்' என்ற பதாகையைப் பிடித்து நின்றார்கள் அந்தத் தொழிலாளர்கள். அது 1968-இல் மெம்பிஸ் துப்புரவுத் தொழிலாளர்கள் பிடித்த பதாகை. அந்தப் போராட்டத்துக்கு ஆதரவாக வந்த இடத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். இது எதுவும் எங்கள் ரீலில் இல்லை.

"அப்போ நாங்க ஜாலியாவே இருக்கக் கூடாதா?"

இந்தக் கட்டுரையின் முதல் வரைவைப் படித்த ஒரு தம்பி கேட்டார்: "நம்ம பசங்க ஒருத்தர் ரெண்டு பேர் இப்பதான் வெளிநாடு போறாங்க. அங்கயும் போய் அழுதுட்டே இருக்கணுமா அண்ணா? ஜாலியா இருக்கறது மத்தவங்களுக்கு மட்டும்தானா?"

நியாயமான கேள்வி. சேரிக்காரர் என்றாலே துக்கம்தான் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு சாதிப் பார்வைதான். இதற்கான பதிலை நாங்கள் புத்தகத்தில் இருந்து எடுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தை நடத்தியவர்களின் பெயரிலேயே பதில் இருந்தது.

அந்த ஊர்வலத்துக்கு 'செகண்ட் லைன்' என்று பெயர். முன்னால் போகும் சங்கத்தாரும் இசைக்குழுவும் முதல் வரிசை. பின்னால் சேர்ந்துகொண்டு ஆடிவரும் மக்கள் இரண்டாம் வரிசை. அதன் வேர் சாவு ஊர்வலத்தில் இருக்கிறது. கல்லறைவரை மெதுவான துயரப் பாட்டு. உடலுக்கு விடைகொடுத்த பிறகு துள்ளும் இசை. நடத்துகிறவர்கள் 'சோஷியல் எய்ட் அண்ட் பிளஷர் கிளப்'கள். தமிழில் சொன்னால், சமூக உதவி மற்றும் இன்பச் சங்கங்கள்.

ஏன் உதவி? அடிமைமுறை ஒழிந்த பிறகும் கறுப்பர்களுக்கு இன்சூரன்ஸ் மறுக்கப்பட்டது, மருத்துவம் மறுக்கப்பட்டது, கௌரவமான அடக்கம் மறுக்கப்பட்டது. அதனால் சந்தா போட்டுத் தங்களுக்குள் சங்கம் வைத்தார்கள். நோய் வந்தால் அந்தப் பணத்தில் மருத்துவர். இறந்தால் சவப்பெட்டியும் பித்தளை இசைக்குழுவும். ஆண்டுக்கு ஒரு நாள் புது உடையில், விசிறியும் தொப்பியுமாகத் தங்கள் தெருக்களில் ஆடி வரும் ஊர்வலமும் அதே சங்கத்தின் வேலை. கத்ரீனாவுக்குப் பிறகு போலீஸ் அந்த ஊர்வலங்களுக்கான அனுமதிக் கட்டணத்தைப் பெருமளவு உயர்த்தியபோது, சங்கங்கள் ஒன்றுசேர்ந்து நீதிமன்றம் போய்க் கட்டணத்தைக் குறைக்க வைத்தன. ஆட்டத்துக்கான உரிமையையும் வழக்குப் போட்டுத்தான் காப்பாற்றினார்கள்.

ஆக, தம்பிக்கு எங்கள் பதில் இதுதான். இன்பம் தப்பில்லை. உதவியையும் இன்பத்தையும் ஒரே பெயரில் சேர்த்து எழுதிய மக்களிடம் போய், இன்பத்தை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு வந்தோமே, அதுதான் தப்பு.

அவர் கேட்ட கேள்வி

ஊர்வலம் ஓர் இடத்தில் நின்று இளைப்பாறியபோது, டிராம்போன் வாசித்த ஒருவரிடம் பேசினோம். நாற்பது வயது இருக்கும். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். சொன்னோம். உங்கள் ஊரில் சாவுக்கு யார் வாசிப்பார்கள் என்று கேட்டார்.

எங்களில் ஒருவருடைய தாத்தா ஊர்த்தெருச் சாவுகளுக்குப் பறையடித்தவர். கூப்பிட்டால் போக வேண்டும். வயலில் நாற்று பாதியில் நின்றாலும் போக வேண்டும். வாசலுக்கு வெளியே நின்று அடிக்க வேண்டும். கூலியாக நெல்லோ சில்லறையோ, அதுவும் தரையில் வைக்கப்படும். தன் மகன் பறையைத் தொடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு செத்துப்போனார் அவர். இதைத் திக்கித் திணறி ஆங்கிலத்தில் சொன்னோம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னதன் சாரம்: "சனிக்கிழமை முன்பின் தெரியாத பணக்காரர்களின் கல்யாண ஊர்வலத்துக்கு வாசிக்கிறேன். அது என் வாடகை. ஞாயிற்றுக்கிழமை என் ஜனங்களுக்கு வாசிக்கிறேன். சனிக்கிழமை வரமாட்டேன் என்று என்னால் சொல்ல முடியும். வாடகை போகும், அடிக்க மாட்டார்கள். உங்கள் தாத்தாவால் சொல்ல முடிந்ததா?"

முடியாது. பறையடிக்க மறுத்ததற்காக ஊர்க் கட்டுப்பாடும் அடிதடியும் வீடு எரிப்பும் நடந்த மண் இது. இரண்டு அனுபவமும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் எந்த இசையைக் கேட்டாலும் கேட்க வேண்டிய கேள்விகளை அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். யார் கூப்பிட்டு வாசிக்கிறார்? வரமாட்டேன் என்று சொன்னால் அவருக்கு என்ன ஆகும்? வாசித்து முடித்து அவர் எங்கே தூங்கப் போகிறார்?

அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டோம். ரீலில் போடும்போது அந்தப் பெயரையும் விட்டுவிட்டோம். 'வைப்' என்ற ஒரு சொல்லை மட்டும் போட்டோம்.

இங்கே திரும்பிப் பார்த்தால்

2017-இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது. பெருமைதான். ஆனால் இந்த நகரத்தின் தெருவில் பிறந்த இசை கானா. சாவு வீட்டில் இரவெல்லாம் பாடி, இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்லி அனுப்பும் இசை. அது வளர்ந்த குடிசைப் பகுதி மக்களைத்தான் கூவம், அடையாறு கரைகளில் இருந்து பெயர்த்துக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்ப் போட்டார்கள். சினிமாவில் கானா வேண்டும், கல்லூரி விழாவில் பறை வேண்டும், பக்கத்து வீட்டில் பாடுகிறவர் குடிவரக் கூடாது. கிளெய்போர்ன் பாலத்தின் கதையை இங்கே தமிழில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கல்லூரியில் பறை கற்றுக்கொள்ளும் தம்பி தங்கைகளே, நீங்கள் அடிக்கும்போது எங்களுக்குப் பெருமையாக இருக்கிறது. இழிவு என்று சுமத்தப்பட்டதை விடுதலைக் கருவியாக மாற்றியது நம் இயக்கங்களின் சாதனை. 2018-இல் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறியபோது நாங்களும் தொண்டை கிழியக் கத்தினோம். ஆனால் உங்கள் விழாவுக்கு ஆட வந்த குழுவுக்குப் பேசிய தொகையை முழுதாகக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். அவர்களுக்குச் சாப்பாடு எந்த இடத்தில் போட்டார்கள் என்று பாருங்கள். உங்கள் ஊரில் இன்னும் கட்டாயத்துக்குப் பறையடிக்கிற குடும்பம் இருந்தால், மேடையில் பறை தூக்குவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போங்கள்.

நாளை உங்களில் பலர் வெளிநாடு போவீர்கள். போக வேண்டும் என்பதே எங்கள் ஆசை. நியூ ஆர்லியன்ஸோ வேறு ஊரோ, இரவில் இசை கேட்கப் போங்கள், ஆடுங்கள். பக்கெட் வரும்போது பீருக்குக் கொடுத்த அளவாவது போடுங்கள். வாசிப்பவரின் பெயரைக் கேட்டுப் பெயரோடு பதிவு போடுங்கள். அந்தத் தெருவைக் காலையிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். திரும்பி வந்ததும் நைட் லைஃப் எப்படி என்று யாராவது கேட்டால், அவர்களுடைய வாடகையில் இருந்து கதையை ஆரம்பியுங்கள்.

எங்கள் ரீலை நீக்கவில்லை. கீழே அந்த டிராம்போன்காரரின் பெயரை, அவரிடம் கேட்டு அனுமதி வாங்கிச் சேர்த்திருக்கிறோம். ஊர்வலம் நடத்திய சங்கத்துக்கு நான்கு பேரும் சேர்ந்து கொஞ்சம் பணம் அனுப்பினோம். இது பெரிய காரியம் இல்லை, கொடுக்காமல் வந்த பாக்கி.

ஜெய் பீம்.